கூரை: தகரம்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் இன்சூரன்ஸ் கந்தோருக்கு ஒரு பாகிஸ்தான்காரர் வந்தார். இங்கே சவூதியில், தம்மாம் துறைமுகப் பாதையில் மரக்கிட்டங்கி வைத்திருப்பவர். கிட்டங்கிக்கு மேலே மரச்சட்டமும் தார்க்கடதாசியும்தான் கூரை. அதைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டால் இன்சூரன்ஸ் கட்டணம் குறையுமா என்று விசாரிக்க வந்திருந்தார். கூரைக் கேள்வி என்றால் ஆளை நேரே என் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். ஏழு வருடமாகத் தீக்காப்பு விண்ணப்பங்களை நிரப்பித் தட்டச்சு செய்கிறவன் நான். சுவர் எதனால், கூரை எதனால், பக்கத்துக் கட்டடம் எத்தனை அடி தள்ளி என்று நித்திரையிலும் கேட்கிறேன் என்று என் மனைவி பூரணி கேலி செய்வாள்.

குறையும் என்று சொன்னேன். எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு மாறும் என்று புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, “அச்சா. லேகின் பாய், ஃபாய்தா ஹை?” என்றார். இவ்வளவு செலவழித்துத் தகரம் போடுவதில் பிரயோசனம் உண்டா என்பதுதான் கேள்வி. வாரத்தில் இரண்டு பேராவது கேட்கிற கேள்விதான். அன்றைக்கு மட்டும் பக்கத்து மேசைக்காரரைக் கையால் காட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். எங்கள் எகிப்து மனேஜர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரில் எங்கள் வீடு எரிந்து அன்றோடு மூன்று வருடம் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

வெளிநாட்டுக்காரனுக்கு என்ன கவலை, குளிர்காற்றுப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து வேலை என்று ஊரில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். நான் குறை சொல்ல எழுதவில்லை. எரிந்த வீட்டின் கூரை விசயத்தில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது.

2

அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். லயத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமாக ஒரே கட்டடம். அதைப் பத்துப் பன்னிரண்டாகத் தடுத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒரு காம்பிரா. எல்லாக் குடும்பத்துக்கும் மேலே ஒரே தகரம். மலையில் மழை பெய்யத் தொடங்கினால் தகரத்துக்குக் கீழே புருசன் பேசுவது பெண்சாதிக்குக் கேட்காது. நாங்கள் எல்லோரும் சத்தம் போட்டுப் பேசிப் பழகியது அப்படித்தான். பூரணி இன்றைக்கும் என்னிடம், எதிரில்தானே இருக்கிறேன், மெதுவாகப் பேசுங்கள் என்பாள்.

நான் தம்மாமுக்கு வந்து இரண்டாம் வருடம், பதுளைக்குப் போகும் பாதையில் ஒரு சின்ன டவுனுக்கு வெளியே காணித்துண்டு ஒன்று வாங்கினோம். எங்கள் பரம்பரையில் முதல் சொந்த மண். பத்திரம் என் பெயரில்தான் எழுத வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமைக் கடதாசி கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது தனிக்கதை. ஐம்பது வருடம் அந்த மலையில் கொழுந்துக்கூடை தூக்கிய மனிதர் சொந்தப் பெயரில் ஒரு முழம் நிலம் வாங்க முடியாது, அரபிக்காரனிடம் டைப் அடிக்கிறவன் வாங்கலாம். அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல் சுமந்ததும் சுவர் எழுப்பியதும் அவர்தான்.

சுவர் எழும்பியபோது காசு தீர்ந்துவிட்டது. ஓடு போட வழியில்லை. இரண்டு வருடத்துக்கு மானாப்புல் வேய்ந்து இருப்போம், பிறகு ஓடு போடலாம் என்றார் அப்பா. எனக்கு அது ஆகவில்லை. புல்லுக்கூரை வீட்டை எந்த இன்சூரன்ஸ் கம்பனியும் தொடாது. தகரம் என்றால் எடுப்பார்கள். ஒரு அடுப்புப் பொறியில் மொத்த வீடும் போய்விடுவதை நான் தினமும் தாளில் பார்க்கிறவன். அதோடு இன்னொன்றும் இருந்தது. அப்பாவுக்கும் தங்கச்சி மலருக்கும் ஏதாவது ஆனால் ஓடிப்போய் நிற்க நான் அங்கே இல்லை. என் இடத்தில் ஒரு பாலிசியாவது நிற்கட்டும் என்று நினைத்தேன். அப்போது அது மிகவும் புத்திசாலித்தனமான நினைப்பாகத் தெரிந்தது.

அப்போதிருந்தே நாங்கள் கடிதத்தைவிடக் கசெட்டில்தான் பேசிக்கொள்வோம். அப்பாவுக்கு எழுத்து வாசனை கிடையாது என்பதால் அது வசதி. ஊருக்குப் போகிறவர் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டால், வருகிறவர் கையில் பதில் வரும். நான் தகரத்தின் நன்மைகளை ஒரு பக்கம் முழுக்கப் பேசி அனுப்பினேன். பதில் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. அதில் அப்பா அதிகம் பேசவில்லை.

“தகரத்துக்குக் கீழ நான் கெடந்தது போதும்ப்பா. ஒங்கம்மா சாகுற அன்னைக்கு என்னயக் கிட்ட கூப்புட்டு என்னமோ சொன்னா. மழ அடிச்ச அடியில எனக்கு ஒண்ணும் கேக்கல. இன்னொருவாட்டி சொல்லுன்னேன். அவளால ஏலல. சொந்த வூட்டுக்கும் தகரமாப்பா?”

இதைக் கேட்டபிறகு ஒரு மகன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் எதிர்க் கசெட்டில் பாலிசியைப் பற்றி மேலும் பேசினேன். கோபமும் வந்துவிட்டது. புல் வேய்வதானால் இனி வீட்டு வேலைக்குப் பணம் எதிர்பார்க்க வேண்டாம், கலாஸ் என்று முடித்தேன். கலாஸ் என்றால் என்ன என்று அப்பா மலரிடம் கேட்டாராம். முடிந்தது என்று அர்த்தம் என்றாளாம். அதைத் தமிழிலேயே சொல்லியிருக்கலாமே என்றாராம். அடுத்த மாதம் தகரம் ஏறிவிட்டது.

3

விண்ணப்பத்தை மலர் தபாலில் அனுப்பினாள். வீட்டுக்குச் சொந்தக்காரன் கையெழுத்து வேண்டும். அதனால் அந்தத் தாள் கடல் தாண்டி என் மேசைக்கு வந்தது. பகல் இடைவேளைக்கு அரை மணி இருக்கும்போது, மேசையிலிருந்த மற்ற விண்ணப்பங்களோடு அதையும் வைத்து நிரப்பினேன். அதே பேனா, கோடு போடும் அதே அடிமட்டம். சுவர்: கருங்கல். கூரை: தகரம். அந்தச் சொல்லை எழுதியபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தின் அடியில் நாலு வரியில் ஒரு பந்தி உண்டு. வேலைநிறுத்தம், கலவரம், கும்பல் செய்யும் நாசம் ஆகியவற்றுக்கும் காப்பு வேண்டுமா, வேண்டுமானால் மேலதிகக் கட்டணம், வேண்டாமென்றால் பந்தியை வெட்டி ஓரத்தில் சிறு கையெழுத்து இடுக. தம்மாமில் நாங்கள் பாவிக்கும் தாளிலும் கிட்டத்தட்ட இதே பந்தி இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே மனேஜர் சொல்லித் தந்துவிட்டார். இந்த ஊரில் கலவரமெல்லாம் மாஃபி, கிடையவே கிடையாது, எவனும் அதற்குக் காசு கட்டமாட்டான், கேட்டு நேரத்தை வீணாக்காமல் வெட்டிவிடு என்றார். வாடிக்கையாளர் சார்பில் ஓரக் கையெழுத்தும் நாங்களே போடுவோம். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தாள். அடிமட்டத்தை வைப்பது, மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கிறுக்கல். கைக்கு அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

என் வீட்டுத் தாளிலும் வெட்டினேன். காசு மிச்சம் பிடிக்க வெட்டவில்லை. யோசித்தும் வெட்டவில்லை. அந்தப் பந்தியை நான் வாசிக்கவேயில்லை.

எழுபத்தேழுக் கலவரத்தில் நானும் பூரணியும் கைக்குழந்தையோடு இரண்டு நாள் தேயிலைக்குள் படுத்துக் கிடந்தவர்கள். குழந்தை அழுது காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பூரணி சீலைத் தலைப்பைச் சீனியில் தொட்டு அதன் வாயில் வைத்தபடியே இருந்தாள். அந்தக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த கைதான், ஐந்து வருடம் கழித்து, கலவரம் என்ற சொல்லுக்கு மேலே கோடு போட்டது.

4

எண்பத்திரண்டு மார்கழியில் லீவு கிடைத்து மூன்று கிழமை ஊருக்குப் போனோம். வீடு அழகாக இருந்தது. வாசலில் மலர் செவ்வந்தி வைத்திருந்தாள். அப்பா என்னை வீட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கல்லும் எங்கிருந்து வந்தது என்று சொன்னார். மேலே மட்டும் பார்க்கவில்லை.

மழை வந்தால் அவர் கம்பளித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, குடையோடு, பாண் ரொட்டி சுடும் பக்கத்து வெதுப்பகத்துக்குப் போய்விடுவார். வெதுப்பகத்து முதலாளி ஒரு சிங்களவர். அப்பாவின் வயதுதான். அங்கே ஓடு. இரண்டு பேரும் மழை விடும்வரை பாண் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சொந்தமாக வீடு கட்டிய மனிதர் மழைக்கு ஒதுங்க அயல்வீட்டுக்குப் போகிறார் என்று பூரணி சிரித்தாள். நானும் சிரித்தேன். போகப் போகப் பழகிவிடும் என்று வேறு சொன்னேன்.

மகள் நிலானிக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. மலைநாட்டுப் பிள்ளை, ஆனால் தம்மாமில் வளர்கிறவள். மழை என்றால் குதித்தாள். தாத்தாவுக்குக் கேட்க வேண்டுமென்று கத்தி இங்கிலீசில் ஏதோ சொல்வாள். அவரும் கத்தித் தமிழில் ஏதோ சொல்வார். இரண்டு பேருக்கும் மற்றவர் சொன்னது விளங்கியிருக்காது.

இப்போது அவளுக்குப் பத்து. போன மாதம் பள்ளியில் வீட்டைப் படம் வரையச் சொன்னார்களாம். எங்கள் பிளாட்டை வரைந்திருந்தாள். சன்னலில் ஏசிப் பெட்டி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி, டிவி அன்டெனா எல்லாம் சரியாக இருந்தது. இதற்கு நாங்கள் வாடகைதானே கொடுக்கிறோம், நம் வீடு தாத்தா வீடல்லவா என்றேன். “தட் ஒன் இஸ் கோன், நோ டாடி?” என்று கேட்டுவிட்டு வர்ணம் தீட்டப் போய்விட்டாள். அவள் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை.

5

எண்பத்து மூன்று யூலையில் தமிழருக்கு நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. நான் அங்கே இருக்கவுமில்லை. தந்தி பதினெட்டு நாள் கழித்து வந்தது. அப்பாவும் தானும் உயிரோடு இருப்பதாக மலர் அடித்திருந்தாள். வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதிலேயே விசயம் விளங்கிவிட்டது. வெதுப்பகத்துக்காரர் இருவரையும் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். வீட்டில் கதவு, சன்னல், வளை மரம், சாமான் எல்லாம் எரிந்து, தகரம் அப்படியே உள்ளே விழுந்து கிடந்ததாம். சுவர் மட்டும் நின்றது.

உடனே புறப்பட முடியவில்லை. என் பாஸ்போர்ட், என்னை வேலைக்கு எடுத்த அரபி முதலாளியான கஃபீலின் இரும்புப் பெட்டிக்குள். நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வரும் கடதாசிக்கும் அவருடைய கையெழுத்து வேண்டும். அவர் கோடைக்கு லண்டன் போயிருந்தார். அவருடைய மகனிடம் போனேன். அப்பா வரட்டும் என்றான். ஜவாசாத் என்கிற பாஸ்போர்ட் கந்தோருக்குப் போனேன். கஃபீல் வரட்டும் என்றார்கள். செப்டம்பரில் அவர் வந்து, விசயத்தைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். சாய் வரவழைத்தார். அதற்குள் மனேஜர் லீவில் எகிப்துக்குப் போய்விட்டதால் எனக்கு லீவு இல்லை என்றாகிவிட்டது.

இது வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிற கதை. அதற்கு அடுத்த வருடம் லீவு கிடைத்தது. அதற்கடுத்த வருடமும் கிடைத்தது. நான் போகவில்லை. அதற்குக் கஃபீல் காரணமில்லை.

6

நட்டஈடு கேட்டதற்கு இன்சூரன்ஸ் கம்பனியின் பதில் எண்பத்து நான்கு தொடக்கத்தில் வந்தது. வருத்தம் தெரிவித்து, கலவரத்தால் ஏற்பட்ட நட்டம் காப்பில் சேராது என்று எழுதி, என் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தைப் பிரதி எடுத்து இணைத்திருந்தார்கள். கந்தோரில் வைத்துத்தான் பிரித்தேன். என் கோடு. நேரான கோடு. பக்கத்தில் என் கிறுக்கல். என் மேசையில் அந்த நேரம் அதே மாதிரி ஆறு தாள் வெட்டுவதற்குக் காத்துக்கிடந்தன. எழுந்து கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். பிறகு வந்து ஆறையும் வெட்டினேன்.

பூரணியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் வைத்திருந்தால் அது வளரும் என்றாள். சொல்கிறேன் என்று சொல்லிச் சொல்லி இரண்டு வருடம் ஓட்டினேன். கம்பனி இழுத்தடிக்கிறது என்று கசெட்டில் சொல்வேன். அது பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது.

அப்பாவும் மலரும் பழையபடி தோட்டத்துக்கே போய்விட்டார்கள். சித்தப்பாவின் காம்பிராவில் ஒரு மூலை. அதே லயம், அதே தகரம். அங்கிருந்து அப்பா மாதத்தின் முதல் திங்கட்கிழமை பஸ் ஏறிக் கம்பனிக் கந்தோருக்குப் போகத் தொடங்கினார். முதலில் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. போய்க் கேட்டால் ஏதாவது நடக்கும் என்று அந்தக் காலத்து மனிதர் நம்புகிறார் என்று விட்டுவிட்டேன். இந்த வருடம் சித்திரையில் வந்த கசெட்டில்தான் அவர் அங்கே போய் என்ன சொல்கிறார் என்பது தெரிந்தது.

“அந்த ஐயா ஒரு கோட்டக் காட்டுறாருப்பா. ஒங்க மகன்தான் வேணாமுன்னு வெட்டிருக்காருன்னு சொல்றாரு. நான் வுடல. எம்மவன் இன்சூரன்சு கந்தோர்லயே வேல பாக்குறவன், அவனுக்குத் தெரியாத சட்டமா? எழுவத்தேழுல புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுனவன் இத வெட்டுவானா? இது இங்கன எவனோ வெட்டுனதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீ ஒரு கடுதாசி எழுதிப் போடுப்பா, அந்தக் கையெழுத்து ஒன்னுது இல்லன்னு. அது போதும், மிச்சத்த நான் பாத்துக்குறேன்.”

குரலில் அவ்வளவு தெம்பு. வீடு எரிந்த பிறகு அப்பா அப்படிப் பேசி நான் கேட்கவில்லை. தகரம் போட வைத்தவன் நான் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

7

வைகாசியில் எழுதினேன். கசெட்டில் சொல்லத் துணிவு வரவில்லை, அதனால் கடிதம். வெட்டியவன் நானேதான், யோசிக்காமல் வெட்டினேன், இனி அந்தக் கந்தோருக்கு நடக்க வேண்டாம், என்னை மன்னியுங்கள் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். மலர்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள் என்பது தெரிந்தே எழுதினேன்.

அவளுடைய பதில் இந்தக் கிழமை, பாகிஸ்தான்காரர் வந்து போன மறுநாள் வந்தது.

“அண்ணே, ஒங்க கடுதாசிய அப்பாவுக்கு வாசிச்சேன். அந்த ஒரு பக்கத்த மட்டும் வாசிக்கல. மத்த நாளெல்லாம் மனுசன் சொவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்தே கெடக்குறாரு. மொதத் திங்கக்கெழமைன்னா மட்டும் விடியமுன்ன எந்திரிச்சு, மொகம் வழிச்சு, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு பஸ்ஸுக்குப் போறாரு. அந்தக் கந்தோரு ஐயாவும் நல்ல மனுசன். தேத்தண்ணி வாங்கிக் குடுத்து, அடுத்த மாசம் வாங்கன்னு அனுப்பி வைக்கிறாராம். இத நான் சொல்லி நிப்பாட்ட மாட்டேன். ஒங்களுக்குச் சொல்லணுமுன்னா நேர்ல வந்து ஒங்க வாயாலயே சொல்லுங்க. இல்லாட்டி அவரு கேட்ட கடுதாசிய அனுப்புங்க. தெனமும் தபால்காரன் வந்தானான்னு கேக்குறாரு.”

இரண்டில் எது சரி என்று பூரணியிடம் கேட்டேன். இரண்டுமே சரியில்லை என்றாள். பிறகு சோற்றைப் போட்டாள்.

இன்று பகல் இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு மெசினில் ஒரு தாளை ஏற்றினேன். மேலே குறிப்பிட்ட விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில், வெட்டிய கோட்டின் ஓரத்தில் உள்ள சிறு கையெழுத்து என்னுடையதல்ல என்று இத்தால் உறுதிப்படுத்துகிறேன். இங்கிலீசில் மூன்று வரி. இந்த வேலையில் எனக்குக் குறைவில்லை, ஒரு எழுத்தும் பிசகவில்லை. அடியில் என் பெயரை அடித்தேன். பெயருக்கு மேலே கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்த கையெழுத்து, அந்தக் கோட்டின் ஓரத்தில் கிடக்கிற அதே ஒன்றுதான். அதையே போட்டு உறையில் வைத்து, மலரின் விலாசத்துக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

அப்பா அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த ஐயா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து, அடுத்த மாதம் வாங்க என்பார்.